கால் ஊன்றாமல் ஒரு எட்டு

எட்டின் மேல் வட்டத்தை முடித்துக் கீழ் வட்டத்துக்குத் திரும்புகிற இடத்தில் வண்டி செத்தது. பூமாரி ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கித்தான் பார்த்தாள். முறுக்கினால் ஓட வேண்டிய வண்டி, முறுக்கியதும் இரண்டு தடவை விக்கி, அடங்கிவிட்டது. சாயாமல் இருக்க இடது காலை ஊன்றினாள். செம்மண் சேறு சேலைக் கரையில் தெறித்தது. நெடுமங்காட்டு மைதானத்தில் கால் ஊன்றினவர்களுக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

"காலு குத்தி. தோற்றுபோயி" என்றார் எம்.வி.ஐ. குடைக்கு அடியில் நின்று லைசென்ஸ் டெஸ்ட் நடத்துகிற அதிகாரி அவர். "அடுத்த ஆளு வா."

"சாரே, நான் காலு குத்தல. வண்டிதான நின்னுது."

"வண்டி ஓடிக்கிறது ஆரு? நிங்களல்லே?"

வரிசையில் நின்ற ஆண்பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்றைக்குக் கால் ஊன்றப் போகிறவர்கள்தான். கேரளத்தில் இருசக்கர வண்டிக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால், தரையில் நட்ட கம்பிகளுக்கு நடுவே எட்டுப் போட வேண்டும். கம்பியில் இடிக்கக் கூடாது, கால் தரையில் படக் கூடாது. சாலையில் ஒருவரும் எட்டுப் போட்டுப் போவதில்லை. ஆனாலும் எட்டுப் போட்டால்தான் சாலை.

பூமாரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வேலியோரம் வந்தாள். கூட வந்திருந்த மெக்கானிக் ஷிபு தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க அவள் டேங்கின் மூடியைத் திறந்தாள். ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. பெட்ரோல் முக்கால் டேங்கு தளும்பியது. மூடிவிட்டு ஒரே மிதி மிதித்தாள். வண்டி கிளம்பியது. முறுக்கினாள். மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி உறுமியது.

"கண்டா?" என்றான் ஷிபு. "வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல சேச்சி. முதல் டெஸ்ட் தோத்தப்பவே கார்பரேட்டர் பூரா கழுவித் தந்தேன்லா. கையிலயாணு கொழப்பம். சாரைக் காணும்போ கை வெறைக்குது."

பூமாரி தன் வலது கையைப் பார்த்தாள். பதினேழு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்து விரல் நுனியெல்லாம் கறை ஏறின கை. காட்டுப்பன்றி குறுக்கே வந்தபோதுகூட வெறைக்காத கை அது. அவள் வண்டியில் ஏறினாள்.

வித்துராவுக்கு மேலே, போனக்காடு போகிற ரோட்டிலிருந்து பிரிந்து ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. அந்த லயத்தில் பதினான்கு வீட்டில் மாடு உண்டு. தேயிலைக்கு நடுவே வளர்கிற புல்லைத் தின்று, மழையில் நனைந்து, மாடுகளும் மனிதர்களைப் போலவே தோட்டத்துக்குப் பழகிவிட்டவை. பதினான்கு வீட்டுப் பாலையும் இரண்டு கேனில் ஊற்றி, பைக்கில் இரண்டு பக்கமும் கட்டி, காலை ஏழு மணிக்குள் வித்துராவில் பால் சங்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பூமாரியின் புருஷன் ஆறுமுகநயினாரின் வேலை. பன்னிரண்டு வருடமாக அவன் செய்த வேலை. மே மாதம் முதல் மழையில் வித்துரா இறக்கத்தில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்தது. திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டி, ஆறு மாதம் கால் ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரே வீட்டில் புருஷனுக்கும் கால் ஊன்றத் தடை, பெண்டாட்டிக்கும் கால் ஊன்றத் தடை.

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணாடி போனது, அவ்வளவுதான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே பூமாரி தோட்டத்து ரோட்டில் வண்டி ஓட்டிப் படித்துக்கொண்டாள். ஒரு மாதம் பாலும் கொண்டுபோனாள். ஒருநாள் ஜங்ஷனில் எஸ்.ஐ. கைகாட்டி நிறுத்தினார். நல்ல மனிதர். கேனைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்நு விடுறேன். இனி லைசென்ஸ் இல்லாத கண்டா வண்டி ஸ்டேஷன்லதான் கெடக்கும்" என்றார். அன்றிலிருந்து பால், ஆள் ஏற்றுகிற யூசுப்பின் ஜீப்பில் போகிறது. யூசுப்பும் நல்லவன்தான். ஆனால் ஆள் நிறைந்தால்தான் ஜீப் எடுப்பான். ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு நாள் சங்கம் அடைத்த பிறகு போய்ச் சேர்ந்து, பால் திரும்பி வந்து, லயம் பூராவும் தயிர் தின்றது.

பதினான்கு வீடும் கூடிப் பேசி ஒரு முடிவு சொன்னார்கள். ஓணம் வரை பார்ப்பது. அதற்குள் பூமாரி லைசென்ஸ் எடுத்தால் கேன் அவள் கையில். எடுக்காவிட்டால் யூசுப், ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் ஆறு மணிக்கு ஜீப் எடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். ஒருதடவை கை மாறிய கேன் திரும்பி வராது. அது எல்லோருக்கும் தெரியும்.

அவள் வீடு வந்தபோது மழை பிடித்திருந்தது. வாசலை ஒட்டிப் போட்ட கட்டிலில் ஆறுமுகநயினார் படுத்திருந்தான். ஆள் வரும்போதே வண்டிச் சத்தத்தில் எல்லாம் தெரிந்துகொள்கிறவன். அவள் வண்டியைத் துணியால் துடைத்து, கட்டிலுக்கு எதிரே ஓட்டுக்குக் கீழே நிறுத்தும் வரை காத்திருந்து கேட்டான்.

"நின்னுட்டோ?"

"நின்னுட்டு."

"எங்கன?"

"கீழ வட்டத்துக்குத் திரும்புத எடத்துல."

"போன தடவையும் அங்கனதான."

"ஆமா."

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா. முறுக்காத, ஊட்டு. பச்சப்புள்ளைக்குச் சங்குல ஊட்டுத மாதிரி."

"ஊட்டத்தான் செஞ்சேன். குடிக்க மாட்டேங்குது."

"இங்க தோட்டத்து ஷெட்டு முத்தத்துல நூறு எட்டு போட்டியே, ஒரு வாட்டி நின்னுதா? ஒனக்கு ஆபீசரக் கண்டா பயம். அதச் சொல்லு."

பூமாரி அடுக்களைக்குப் போனாள். கப்பைக்கிழங்கு வெந்து கிடந்தது. காந்தாரி மிளகாயும் உள்ளியும் உப்பும் வைத்து அம்மியில் நசுக்கினாள். நசுக்கின வேகத்தில் அம்மிக்குழவி தப்பி விரலில் விழுந்திருக்கும். தட்டில் கிழங்கும் கட்டன் சாயாவும் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"இஞ்சேருங்க. எனக்குப் பயமில்ல. பயந்தா கை வெறைக்கும், கை வெறைச்சா வண்டி துள்ளும். துள்ளல. மூச்சு முட்டுன மாதிரி விக்கி நிக்குது. நான் கைவச்ச வண்டி எனக்குத் தெரியாதா?"

"அப்போ என்ன கொழப்பம்ங்கிற?"

"தெரியல. கண்டுபிடிக்கணும்."

"ஓணத்துக்குப் பதினாறு நாளுதான் இருக்கு."

"பதினாறு நாளு இருக்குல்லா" என்றாள் பூமாரி. ஒரே கணக்கை இரண்டு பேரும் சொன்னார்கள், ஆனால் ஒரே பொருளில் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. வண்டியை வித்துராவுக்கு இறக்கினாள். இறக்கம் முழுக்க எஞ்சினை அணைத்து, ஜங்ஷனுக்கு முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். எஸ்.ஐ. பார்த்தால் பார்க்கட்டும், தள்ளுவதற்கு லைசென்ஸ் வேண்டாம். ஷிபு அப்போதுதான் கடையின் பலகையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"என் கண்ணு முன்னால தொற" என்றாள்.

"சேச்சி, போன வாரம்..."

"போன வாரம் நான் பாக்கல. இன்னைக்குப் பாக்கணும். ஒண்ணொண்ணா சொல்லித் தா."

ஷிபு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். முதலில் பிளக்கைக் கழற்றினான். நுனி காய்ந்த கொல்லம் ஓட்டு நிறத்தில் இருந்தது. "இது சரியாணு" என்றான். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினான். ஈரம் இல்லை, தூசியும் இல்லை. பிறகு பெட்ரோல் டேங்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கார்பரேட்டரை எடுத்து மடியில் வைத்து அடிக்கிண்ணத்தைத் திறந்தான். பெட்ரோல் வாசம் கடையை நிறைத்தது.

"இங்க பாரு சேச்சி. டேங்கில இருந்து பெட்ரோல் வந்து இந்தக் கிண்ணத்தில நிக்கும். இது சின்ன ஓட்டை. முறுக்காம சும்மா நிக்கும்போ இதுவழி குடிக்கும். இது பெரிய ஓட்டை. முறுக்கினா இதுவழி குடிக்கும். பெரிய ஓட்டை அடைஞ்சா, சும்மா நிக்கிற வண்டி நல்லா நிக்கும், முறுக்கினா சாகும்."

"அதுதான நம்ம சீக்கு."

"அதெ. அதுகொண்டுதான் நான் போன வாரம் இதை எடுத்து ஊதினது. பாத்தோ."

பித்தளையில் செய்த, அரிசிமணி நீளத் துண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். நடுவில் ஊசிமுனை அளவு ஆகாயம் தெரிந்தது. அடைப்பே இல்லை.

"அப்போ கிண்ணத்துல பெட்ரோல் கொறைஞ்சாலும் இதே மாதிரிதான சாகும்?"

ஷிபு அவளை நிமிர்ந்து பார்த்தான். "சாகும். ஆனா எப்படிக் கொறையும்? டேங்கில முக்கா பாகம் இருக்குல்லா."

எல்லாம் பூட்டினான். டேங்கைக் கடைசியில் மாட்டலாம் என்று ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிக் குழாயில் இணைத்துக் கம்பியில் தொங்கவிட்டுக் கிளப்பினான். வண்டி நின்ற இடத்தில் முழு முறுக்கிலும் கதறியது. பக்கத்து பேக்கரிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு மேல எனக்கு அறியில்ல சேச்சி" என்றான் ஷிபு. அவன் முகத்தில் கேலி இல்லை. அவள் அத்தனை நேரம் குந்தியிருந்து பார்த்ததில் கேலி போய்விட்டிருந்தது.

திங்கட்கிழமை கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில், பதினான்கு மாட்டு வீட்டுக்காரிகளில் ஒருத்தியான இசக்கிசெல்வி இருந்தாள். மழைக்கு இடுப்பில் கட்டின பிளாஸ்டிக் படுதா இரண்டு பேருக்கும் சலசலத்தது. காலில் அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலையும் உப்பும் தேய்த்திருந்தார்கள். அட்டைகளுக்கு அது தெரியாது, ஏறிக்கொண்டுதான் இருந்தன.

"ஏட்டி பூமாரி, நான் ஒன் பக்கந்தான்" என்றாள் இசக்கிசெல்வி. "ஆனா மாடு யாரு பக்கமும் இல்லல்லா. வேளைக்குக் கறந்துதான ஆகணும்."

"நீ மாட்டைக் கற. நான் வண்டியைப் பாக்கேன்."

"ஷெட்டு முத்தத்துல நின்னு நானே எண்ணிருக்கேன், நல்லாத்தான போடுத. அங்க போனா மட்டும் என்ன வருது ஒனக்கு?"

பூமாரியின் கை கூடைக்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. அங்கே போனால் மட்டும். இங்கே ஓடுகிற வண்டி அங்கே நிற்கிறது. இரண்டு தடவையும். அப்படியென்றால் அங்கே போகிற நாளில் மட்டும் நடக்கிற ஏதோ ஒன்று. இவர்கள் எல்லோரும் அந்த ஒன்று எம்.வி.ஐ. என்கிறார்கள். எம்.வி.ஐ. குடைக்குள் நிற்கிறார், வண்டியைத் தொடுவதுகூட இல்லை.

டெஸ்ட் நாளில் வேறு என்ன செய்கிறாள்? பச்சைச் சேலை கட்டுகிறாள். கேன் மாட்டும் கம்பிகளைக் கழற்றி வைக்கிறாள். லைசென்ஸ் உள்ள ஷிபு துணைக்குப் பின்னால் உட்காருகிறான். வித்துராவில் பெட்ரோல் போடுகிறாள். நெடுமங்காடு வரை நிறுத்தாமல் ஓட்டுகிறாள். அப்புறம் வீட்டிலிருந்து கிளம்பும்முன், புருஷன் வைக்கிற பொட்டு.

"என்னட்டி, அட்டை கடிச்சிட்டா?" என்றாள் இசக்கிசெல்வி.

"டெஸ்டுக்குப் போகப் போறேன்" என்றாள் பூமாரி.

"எப்போ?"

"நாளைக்கு. இங்கனயே."

செவ்வாய்க்கிழமை தோட்டத்து வேலைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, காலை ஐந்தரைக்கே பச்சைச் சேலை கட்டி வாசலுக்கு வந்தாள். புருஷன் விழித்துக்கொண்டு பார்த்தான்.

"என்னட்டி வேசம்?"

"அன்னைக்கு என்னவெல்லாம் செஞ்சமோ, அத்தனையும் இன்னைக்குச் செய்யணும். சந்தனம் அரைங்க."

"டெஸ்டு இல்லாத நாளு என்னத்துக்கு?"

"அரைங்களேன்."

சந்தனம் அவனுடைய காரியம். வண்டி வாங்கின நாளிலிருந்து காலையில் முகவிளக்குக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் இறங்குவான். மே மாதம் விழுந்த அன்று நேரமாகிவிட்டதென்று பொட்டு வைக்காமல் இறங்கினான். அதனால்தான் விழுந்தேன் என்று அவன் வெளியே சொன்னதில்லை. ஆனால் டெஸ்டுக்குப் போகிற இரண்டு நாளும், விடியுமுன்னே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கல்லை மடியில் வைத்து, விரலில் எடுத்தால் வழியாத அளவுக்குக் கெட்டியாகச் சந்தனம் அரைத்தான். கட்டிலில் இருந்தபடி அவன் கைக்கு முகவிளக்கு எட்டாது. டேங்குதான் எட்டும். டேங்கின் மேல் மூடியில், போகும்போது அவள் கண்ணுக்கு நேரே தெரியட்டும் என்று, சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமம் வைத்து ஒரு தெற்றிப்பூவையும் அமுக்கிவிடுவான். அவளுக்காக அவனால் இப்போது செய்ய முடிந்த ஒரே வேலை அது. அதனால் கொஞ்சம் அதிகமாகவே அப்புவான்.

அன்றும் அப்பினான். பூ ஒட்டிக்கொண்டது. அவள் வண்டியை எடுத்தாள்.

தோட்டத்து ரோடு மேல் டிவிசன் வரை ஒன்பது வளைவு. நல்ல ஏற்றம். ஒன்றாம் வளைவு, இரண்டாம் வளைவு, வண்டி சுகமாக ஏறியது. மஞ்சு இறங்கி முன்னால் பத்தடிதான் தெரிந்தது. நான்காம் வளைவில் கியரைக் குறைத்து முறுக்கினாள். ஒரு விக்கல். ஐந்தாம் வளைவுக்கு முன்னால் முறுக்கினாள். இரண்டு விக்கல். நின்றது.

அவளுக்குச் சந்தோஷம் வந்தது. வண்டி நின்றதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அந்த மலையில் அவளாகத்தான் இருக்கும். இங்கே எம்.வி.ஐ. இல்லை. குடை இல்லை. சிரிக்க ஒரு ஆண்பிள்ளை இல்லை. கை வெறைக்கவில்லை. ஆனாலும் நின்றது.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கிளப்பினாள். முறுக்காமல் விட்டால் நின்ற இடத்தில் படபடவென்று இருந்தது. முறுக்கினால் செத்தது. மறுபடி கிளப்பி, மறுபடி முறுக்கி, மறுபடி சாகடித்தாள். பிறகு வழக்கம்போல் பெட்ரோல் பார்க்க மூடியில் சாவியைப் போட்டுத் திருப்பினாள்.

ஸ்ஸ்.

அந்தச் சத்தம். நெடுமங்காட்டில் இரண்டு தடவை கேட்ட சத்தம். அப்போதெல்லாம் வாயு வெளியே போகிறது என்று நினைத்திருந்தாள். இப்போது சத்தம் வந்த நேரத்தில் தெற்றிப்பூவின் ஒரு இதழ் மூடியின் இடுக்கில் உள்ளே இழுபட்டதைப் பார்த்தாள். வெளியே போகவில்லை. உள்ளே போகிறது. டேங்கு மூச்சு இழுக்கிறது.

தேங்காயெண்ணெய் டின்னை ஆணியால் ஒரு ஓட்டை மட்டும் குத்திக் கவிழ்த்தால், இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை குத்தினால்தான் எண்ணெய் ஒழுகும். எண்ணெய் இறங்க வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அடுக்களையில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி. டேங்கும் ஒரு டின்தானே. இதற்கு இரண்டாவது ஓட்டை எங்கே?

மூடியைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பூவையும் குங்குமத்தையும் வழித்தாள். சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் சந்தனம் மட்டும் வழித்தும் போகாமல் ஒரு புள்ளியாக நின்றது. தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி அந்தப் புள்ளியில் குத்தினாள். ஊக்கு இறங்கியது. சந்தனம் நூலாகத் திரண்டு வந்தது. மூடியை வாயில் வைத்து ஊதினாள். மறுபக்கம் காற்று வந்து அவள் உள்ளங்கையில் பட்டது. நெடுமங்காட்டு ரோடு இறக்கம், அதிகம் முறுக்காமலே ஓடும், அதனால் மைதானம் வரை தாங்கியிருக்கிறது; திரும்பி வரும்போது மழையே சந்தனத்தைக் கரைத்துவிட்டிருக்கிறது.

"பாவி மனுசா" என்றாள் பூமாரி, மலையைப் பார்த்து. சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். சிரிப்பும் கூடவே வந்தது.

மூடியைப் பூட்டி மேல் டிவிசன் வரை முழு முறுக்கில் ஏறினாள். இறங்கி வந்து மறுபடி ஏறினாள். மூன்றாம் தடவையும் ஏறினாள். வண்டி ஒரு விக்கல் விக்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது என்ன சொல்வதென்று அவள் தீர்மானித்திருக்கவில்லை. சொல்ல வேண்டியும் வரவில்லை. ஆறுமுகநயினாரின் கண் நேரே மூடிக்குப் போனது. சந்தனம் இல்லை. ஓட்டையைச் சுற்றி ஊக்கு கீறின கோடுகள் வெயில் இல்லாத வெளிச்சத்திலும் மின்னின. பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டினவன். அவன் முகம் கறுத்தது.

"காத்து ஓட்டை" என்றான்.

"ஆமா."

"ரெண்டு தடவையும் நான்தானா?"

"யாராயிருந்தா என்ன. சீக்கு தெரிஞ்சுட்டுல்லா."

"எனக்குத் தெரியாதாட்டி அங்கன ஓட்டை உண்டுன்னு? எத்தன தடவ நானே தொடச்சு விட்டிருக்கேன். ஒன்ன பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன். முறுக்கத் தெரியாதுன்னு சொன்னேன்."

"சொன்னிய."

"நான்தான் வழிய அடைச்சு வச்சிட்டு ஒன்னச் சொன்னேன்."

சந்தனக் கல்லை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். கட்டை உருண்டு சுவரில் போய் முட்டியது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்குக் கஞ்சியும் பயறும் ஆறிப்போகும் வரை எழுந்திருக்கவில்லை. பூமாரிக்கும் கோபம் இருந்தது. இரண்டு தடவை மைதானத்தில் தலை குனிந்து வண்டி தள்ளினது அவள் அல்லவா. ஆனால் கோபப்பட வேண்டிய ஆள் முந்திக்கொண்டு தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டால், அடுத்தவர் என்ன செய்வது? பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவிவைத்தாள்.

மூன்றாவது டெஸ்ட் ஓணத்துக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. அன்று காலை நாலரைக்கு அவள் எழுந்தபோது அவன் விழித்துத்தான் கிடந்தான். கல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அவள் குளித்து, பச்சைச் சேலை கட்டி, சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்தான்.

அவள் குனிந்து கல்லையும் கட்டையையும் எடுத்துக் கழுவி அவன் மடியில் வைத்தாள்.

"அரைங்க."

"என்னத்துக்கு? மூடிய அடைக்கவா?"

"அரைங்கன்னேன்."

"வேண்டாம் பூமாரி. நான் கைவச்சா வெளங்காது. நீ போயிட்டு வா."

"பன்னெண்டு வருசம் நீங்க வச்ச பொட்டோட ஓடுன வண்டி. நானும் அதோடதான் போவேன். அரைக்கலன்னா இங்கனதான் நிப்பேன். ஷிபு வித்துராவுல காத்துக் கெடக்கட்டும்."

அவன் அரைத்தான். மழைக்கு நடுவே அந்தச் சுரசுரச் சத்தம் மட்டும் வீட்டில் கேட்டது. அரைத்து முடித்துச் சந்தனத்தை விரலில் எடுத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்தான். எட்டுகிற இடத்தில் மூடி இருந்தது. விரல் தயங்கியது.

"முகவெளக்குக்கு நீயே வச்சிரு. எனக்கு எட்டாது."

பூமாரி கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். வலது கையை அவன் முன்னால் நீட்டினாள், புறங்கை மேலே.

"இதுல வையுங்க. இதுக்குத்தான கொழப்பம்னு எல்லாரும் சொன்னிய."

அவன் அவளைப் பார்த்தான். அந்தக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து விரல்முட்டு வரை பட்டையாகச் சந்தனத்தை இழுத்தான். குங்குமம் வைத்தான். அவன் விரல்தான் வெறைத்தது.

நெடுமங்காட்டில் மழை விட்டிருந்தது. அதே குடை, அதே தாள். "பூமாரி. மூணாமத்தது" என்று வாசித்தார் எம்.வி.ஐ. தலை நிமிர்ந்து, பயம் தெளிந்ததா என்று மலையாளத்தில், "பேடி மாறியோ?" என்றார்.

"பேடி முன்னேயும் இல்ல சாரே. வண்டிக்குத்தான் மூச்சு முட்டிருந்து."

அவருக்குப் புரியவில்லை. போ என்று கை காட்டினார். பூமாரி கிளம்பும் முன் ஒருதடவை மூடியைப் பார்த்தாள். ஓட்டை திறந்திருந்தது. மேல் வட்டம் முடிந்தது. கீழ் வட்டத்துக்குத் திரும்புகிற இடம் வந்தது. இரண்டு தடவை அவள் கால் ஊன்றிய குழி அதுவாகத்தான் இருக்கும், மழைத்தண்ணீர் நின்றது. கிளச்சைப் பாதி விட்டு முறுக்கினாள். வண்டி குடித்தது. குழியைத் தாண்டிக் கீழ் வட்டம் சுற்றி, கம்பிகளுக்கு வெளியே வந்தது.

"மதி, போதும். ஜெயிச்சு. இனி காலு குத்திக்கோ" என்றார் எம்.வி.ஐ.

பூமாரி குத்தவில்லை. வண்டியை வளைத்துக் கம்பிகளுக்குள் மறுபடி நுழைந்தாள்.

"ஹே, மதி எந்நு பறஞ்சில்லே?"

"மொத எட்டு ஒங்களுக்கு சாரே" என்று வட்டத்துக்குள்ளிருந்தே சொன்னாள். "இது எனக்கு."

வரிசையில் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. வேலியோரம் நின்ற ஷிபு மட்டும் விசிலடித்தான்.

அவள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. இசக்கிசெல்வி காலிக் கேன்கள் இரண்டையும் புளிபோட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். எந்த நம்பிக்கையில் தேய்த்தாளோ. ஆறுமுகநயினார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். வண்டிச் சத்தத்தில் எல்லாம் தெரிந்துகொள்கிறவன், அதனால் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கையைக் காட்டு என்பது போலத் தன் கையை நீட்டினான்.

அவள் வலது கையைக் கொடுத்தாள். புறங்கையில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. சந்தனம் ஒரு பொட்டுகூட இல்லை.

"பூராவும் உதுந்துட்டே" என்றான்.

"முறுக்கினேம்லா" என்றாள் பூமாரி.